பேரம் பேசாத பாசி

எங்கள் சந்தையில் ஒருவன் சொன்ன விலைக்கே பொருள் வாங்குகிறான் என்றால், ஒன்று அது திருட்டுப் பணம், இல்லை அவன் வீட்டில் பிரசவம். மூன்றாவது வகை ஆளை நான் பார்த்ததில்லை.

கொரியாவின் தென்கோடியில், மோக்போ துறைமுகத்துக்கு எதிரே, கருவாட்டுச் சந்தையில், முப்பத்தெட்டு வருஷமாக மியோக் என்கிற கடல்பாசி விற்கிறேன். பெயர் தாக் ஜோங்பே. அப்பா கணவாய்க் கருவாடு விற்றவர், அம்மா உப்பு இறால். எங்கள் வீட்டில் சோற்றுக்குக்கூட எதிர்விலை உண்டு. "ரெண்டு அகப்பை போடவா?" என்பாள் அம்மா. "அரை போதும்" என்பார் அப்பா. ஒன்றேகாலில் முடியும்.

பிரசவப் பாசிக்கு மட்டும் பேரம் கிடையாது. ஆள் உயரத்துக்கு மேல் நீளமாக, பாறையில் விளைந்ததைப் பறித்துக் காயவைத்த பாசி அது. பிள்ளை பெற்றவளுக்குச் சூப்பு வைக்க வாங்குகிறவன் அதை மடிக்கக் கூடாது, முறிக்கக் கூடாது, விலை குறைத்துக் கேட்கக் கூடாது. மடித்தால் பிரசவம் சிக்கலாகும், குறைத்துக் கேட்டால் பிள்ளையின் ஆயுள் குறையும் என்பார்கள். இந்த வழக்கத்தை முதலில் சொன்னவன் நிச்சயம் ஒரு பாசி வியாபாரிதான். அவனுக்கு நான் மனதுக்குள் பலமுறை கும்பிடு போட்டிருக்கிறேன். சொன்ன விலைக்குப் பணத்தை வைத்துவிட்டு, நீளப் பாசியைத் தோளில் ஈட்டிபோல் சாய்த்துக்கொண்டு, பேருந்துக்குள் எப்படி நுழைவது என்று தெரியாமல் நிற்கும் புது அப்பன்மாரைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன்.

போன வருஷம் பிப்ரவரிக் கடைசியில் என் மகள் யேவோனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேபோம் என்று பெயர் வைத்தார்கள். மருமகன் கீதேவுக்கு குவாங்ஜுவில் டயர் ஆலையில் வேலை, மாறி மாறி ஷிப்ட். அதனால் யேவோன் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கான பாசியை நானே ஜிந்தோ பக்கத்துத் தீவுக்குப் படகேறிப் போய் வாங்கினேன். பாசிக்காரி சொன்ன விலை அநியாயம். வாயைத் திறக்காமல் கொடுத்தேன். அவளே பயந்துபோய், "என்ன முதலாளி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

யேவோனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேரத்தில் அவள் எனக்கு அம்மா. ஏழு வயதில் அரிசிக் கொழுக்கட்டைக்காரியிடம் "ஓரம் உடஞ்சிருக்கு, பாதி விலை" என்று வாங்கிவந்தவள், விலை கேட்பதற்கு முன் அவளே அந்த ஓரத்தை உடைத்தாளா என்று இன்றுவரை தெரியாது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் நண்பர்கள் சீர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் இவ்வளவு என்று பெண் வீட்டார் பணம் வைத்தால்தான் உள்ளே நகர்வார்கள். பெண் உள்ளே உட்கார்ந்து வெட்கப்பட வேண்டும். இவள் பட்டுப்பாவாடையோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, பெட்டியில என்ன இருக்குன்னு முதல்ல தெறந்து காட்டுங்க. சரக்கைப் பாக்காம எங்க அப்பா வெல பேச மாட்டாரு."

"தங்கச்சி, நீ உள்ள போம்மா, மானம் போகுது!"

"எம்மானம்தானே? அதுக்கு எவ்வளவு கழிப்பீங்க?"

பையன்கள் கடைசியில் இரண்டு குப்பி சோஜு சாராயத்துக்கும் ஒரு தட்டு புளித்த திருக்கை மீனுக்கும் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். தெருவே சிரித்தது.

அப்படிப்பட்டவள் பிள்ளை பெற்று வந்த பிறகு எதற்கும் எதிர்விலை சொல்லவில்லை. "சூப்பு குடிக்கிறியா?" என்று என் மனைவி போக்சுன் கேட்டால், "சரி." "இன்னும் கொஞ்சம்?" "சரி." "பிள்ளை அழுவுது, எடுக்கிறியா?" "சரி." எடுத்துக்கொள்வாள், பால் கொடுப்பாள், வைத்துவிடுவாள். குழந்தையை அவள் பார்த்த பார்வை, கடை மாறி வந்துவிட்ட சரக்கை ஒருவர் பார்ப்பதுபோல் இருந்தது. யாருடையது, எப்போது வந்து எடுத்துப்போவார்கள் என்று.

இருபத்தொரு நாள் தீட்டு கழிந்ததும் சரியாகும் என்றாள் போக்சுன். கழிந்தது, சரியாகவில்லை. ஐந்தாவது வாரம் கீதே விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, எங்களிடம் அரைகுறையாகச் சொல்லிவிட்டு, அவளை குவாங்ஜுவில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனான். மனச்சோர்வு, பிள்ளை பெற்றவர்களுக்கு வருவதுதான், மாத்திரையைத் தவறாமல் போடணும், தானாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"மாமா, அவ எங்கிட்ட ஒண்ணு சொன்னா" என்றான் கீதே, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "'நான் இல்லன்னா இந்தப் புள்ளைக்கு நல்லது'ன்னு சொன்னா. வெளாட்டுக்குச் சொல்லல. கொஞ்சம் பாத்துக்குங்க."

இதில் எது பறிபோகக்கூடும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

மூன்று வாரம் மாத்திரை போட்டாள். ஒரு காலை, சூப்புக் கிண்ணத்தைத் தள்ளிவைத்து, "அம்மா, உப்பே இல்ல. பாசிக்காரர் வீட்ல கடலாவது கரிக்க வேண்டாமா?" என்றாள். போக்சுன் அடுப்பங்கரையில் போய் அழுதாள். எனக்கு அன்றைக்கு வியாபாரம் நன்றாக ஓடியது.

ஆனால் அந்த மாத்திரை போக்சுனின் தொண்டையில் முள்ளாக இருந்தது. டாக்டர் பாலுக்கு ஒன்றும் ஆகாது என்றிருந்தார்.

"டாக்டரா பால் குடிக்கப் போறா? பைத்தியக்கார மாத்திரை பிள்ளை வயித்துக்குள்ள போவுது, நீங்க இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றாள்.

"மகளே உப்பு கேக்குறா, அது போதாதா?"

"உப்பு கேட்டது எஞ்சூப்பாலதான். மாத்திரையாலன்னு எவன் சொன்னான்?"

இதற்கு நடுவில்தான் மா சாங்து வந்தான். என்னிடம் சரக்கெடுக்கும் பழைய ஆள்தான். முன்பு சோறு சுற்றித் தின்னும் கிம் பாசித் தாள் ஏற்றுமதி செய்தான், அப்புறம் பாசிச் சோப்பு, இப்போது பாசிச் சாறு. காம்தே என்கிற பழுப்புப் பாசியையும் சில மலைச்செடிகளையும் காய்ச்சி, சாற்றைக் கெட்டியாக்கி, விரல் நீளப் பொட்டலங்களில் அடைத்து விற்கிறான். என்னிடம் காய்ந்த காம்தே மூட்டை மூட்டையாகக் கேட்டான். விலை பேச ஆரம்பித்தோம்.

"மா முதலாளி, போன வருஷம் இதைத்தான் சோப்புக்கு வாங்கின. அப்ப தோல் பளபளக்கும்னே. இப்ப என்ன பளபளக்கும்?"

"மனசு, ஜோங்பே அண்ணே! மனசு! சிரிக்காதீங்க. பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க." பையிலிருந்து ஒரு அச்சடித்த கட்டுரையை எடுத்து விரித்தான். கட்டமும் கோடுமாக இருந்தது. "எலியைத் தண்ணித் தொட்டில போடுவாங்க. ஏற முடியாது. கொஞ்ச நேரம் நீந்திட்டு, சோந்துபோன எலி சும்மா மெதக்க ஆரம்பிச்சிரும். இந்தச் சாறு குடிச்ச எலி மட்டும் விடாம நீந்திச்சு."

"நீந்துனா சந்தோஷமா இருக்குன்னு அர்த்தமா? தொட்டிய விட்டு வெளிய வரணும்னு அர்த்தம்."

"விட்டுக் குடுக்கலன்னு அர்த்தம்ணே. மனச்சோர்வுன்னா என்ன? விட்டுக் குடுக்கிறது."

"அப்ப உன் எலிக்கு என் பாசி அவ்வளவு ஒசத்தின்னா, மூட்டைக்கு இன்னும் பத்தாயிரம் வோன் போடு."

"அட, எலி என்ன எனக்குப் பங்காளியா?"

ஒரு மணி நேரம் இழுத்து, மூட்டைக்கு ஆறாயிரம் கூடுதலில் முடித்தேன். எனக்குத் திருப்தி, அவனுக்கும் திருப்தி. காபி வாங்கி வந்தேன். அந்தக் காபி ஆறுவதற்குள் மகளைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வியாபாரி வாயை இரண்டு விஷயம்தான் திறக்கும், லாபமும் பிள்ளையும்.

மா சாங்துவின் முகம் மாறியது. நடிப்பில்லை. அவன் அம்மாவே கணவன் போன பிறகு வருஷக்கணக்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள். காருக்குப் போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். வெள்ளைப் பெட்டி, பச்சை எழுத்து, மூன்று மாதத்துக்கான பொட்டலங்கள். விலையைச் சொன்னான். எனக்குக் காது அடைத்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, மெதுவாகச் சொன்னான்:

"அண்ணே, இதுவும் கடல்பாசிதான். பெத்தவளுக்குத்தான் போகுது. இதுக்கு நாம பேரம் பேச வேணாம்."

அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன்.

பேரம் என்றால் விலையைக் குறைப்பது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பேரம் என்பது கேள்வி கேட்பது. எங்கே பறித்தது, எத்தனை நாள் வெயில் கண்டது, ஏன் இந்த ஓரம் வெளுத்திருக்கிறது, போன வாரம் வாங்கியவன் என்ன சொன்னான், இதையெல்லாம் கேட்கத்தான் விலையை ஒரு சாக்காக வைத்திருக்கிறோம். அன்றைக்கு என் நாக்கு நுனியில் மூன்று கேள்வி நின்றன. எலிக்குச் சரி, மனுஷனுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா? வேறு மாத்திரையோடு சேருமா? மூன்று வேளையும் பாசிச்சூப்பு குடிக்கிறவளுக்கு இதையும் ஊற்றலாமா? ஒரு மூட்டைப் பாசிக்கு ஒரு மணி நேரம் கேட்ட நான், மகளுக்கான பெட்டிக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால் ஆயுள் குறையும் அல்லவா. பணத்தை எண்ணாமல் நீட்டினேன்.

வீட்டுக்கு வந்தேன். போக்சுன் பெட்டியைப் பார்த்ததும் கும்பிட்டாள். "இது நம்ம சாமான். கடல்ல வெளஞ்சது. இது பிள்ளை வயித்துக்குப் போனாலும் பரவாயில்ல."

"அப்ப அந்த மாத்திரை?"

"ரெண்டையும் சேத்துக் குடுத்து ஏதாவது ஆச்சுன்னா? ஒண்ணு போதும்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மாத்திரை அட்டையை நானே எடுத்து, சணல் கயிறு வைத்திருக்கும் இழுப்பறையில் போட்டு மூடினேன். யேவோனிடம் சொன்னோம். "சரி" என்றாள். கீதேவிடம் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் வந்து, தூங்கி வழிந்துகொண்டு பிள்ளையைத் தூக்கிவிட்டு, ஞாயிறு மாலை பேருந்து பிடிப்பவனிடம் எதற்கு என்று நினைத்தோம்.

முதல் பத்து நாள் நல்லபடியாகத்தான் தெரிந்தது, அல்லது தெரிய வேண்டும் என்று பார்த்தோம். அப்புறம் அவள் மெதுவாக இயங்க ஆரம்பித்தாள். மெதுவாக என்றால், எல்லாவற்றிலும். கிண்ணத்திலிருந்து கரண்டி வாய்க்குப் போவதற்குள் எனக்கு ஒரு சிகரெட் முடிந்துவிடும். மே மாதத்தில் பஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு குளிருகிறது என்றாள். குரல் கட்டியது. முகம் உப்பியது, கண்ணுக்குக் கீழே மெத்தை வைத்ததுபோல். குளியலறைத் தரையில் கொத்துக் கொத்தாக முடி.

ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. பிள்ளை பெற்றால் முடி கொட்டும். பிள்ளை பெற்றால் குளிர் எலும்புக்குள் போகும். பிள்ளை பெற்றால் வீக்கம் வரும், வீக்கத்துக்குத்தான் மியோக் சூப்பு. மூன்று கிண்ணம் நான்காகியது. நாளுக்கு இரண்டு பொட்டலம் என்று வெள்ளைப் பெட்டியில் போட்டிருந்தது. மூன்றாக்கினோம், அப்புறம் நான்கு. பிள்ளையின் நூறாம் நாள் விருந்துக்கு வெள்ளை அரிசிக் கொழுக்கட்டை நூறு வீட்டுக்குப் போயிற்று. யேவோன் விருந்தாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கூப்பிட்டவர் பக்கமெல்லாம் தாமதமாகத் திரும்பினாள்.

பக்கத்துக் கடையில் நெத்திலி விற்கும் குவாக், வாயில் நெத்திலி முள்ளையே வைத்திருப்பவள். இருபது வருஷமாக எனக்கும் அவளுக்கும் தார்ப்பாயின் எல்லைத் தகராறு. மறுநாள் காலை கடை திறக்கும்போதே ஆரம்பித்தாள்.

"யோவ் ஜோங்பே, உன் மவ மொகம் ராத்திரி முழுக்கத் தண்ணில ஊறின மியோக் மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட காட்டு."

"உன் கடை நெத்திலிக்குக் கண்ணு அவிஞ்சிருக்கு, முதல்ல அதக் காட்டு."

"வெளாடாதய்யா. புள்ளக்கித் தடுப்பூசி நாள் வெள்ளிக்கிழமைதானே? உன் பொண்டாட்டி போவ வேணாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஏன், தார்ப்பாய்க்கு அஞ்சு விரக்கடை கேப்பியா?"

"ஆமா, கேப்பேன். மவளைக் குடு."

அன்று சாயங்காலம் யேவோன் என்னோடு ஒரு பேச்சுப் பேசினாள். அவளாகத் தொடங்கிய பேச்சு அந்த மாதத்தில் அது ஒன்றுதான். நான் பொட்டலத்தைக் கிழித்து வெந்நீரில் கரைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இது என்ன வெல?" குரல் பழைய கதவுபோல் கரகரத்தது.

"உனக்கு எதுக்கு அது? குடி."

"எவ்வளவு சொன்னான், எவ்வளவுல முடிச்சீங்க?"

"சொன்ன வெலதான். பிரசவப் பொருளுக்கு யாராவது பேரம் பேசுவாங்களா?"

கிண்ணத்தை இரண்டு கையாலும் மெதுவாக வாங்கிக்கொண்டாள். "ஒரு கணவாய்க்கு அர மணி நேரம் பேசுவீங்க" என்றாள். பிறகு குடித்து முடித்தாள். "எனக்கும் ஏதாவது கேட்டிருக்கலாம்பா."

அவள் விலையைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பழைய யேவோன் எட்டிப்பார்க்கிறாள் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை சிறுவர் மருத்துவமனையிலிருந்து வந்த குவாக் நேரே என் கடைக்கு வந்தாள். பிள்ளைக்கு ஊசி போட்ட டாக்டர் சோக் என்கிற அம்மா, பிள்ளையை விட்டுவிட்டுத் தாயையே பார்த்தாராம். கழுத்தைத் தொட்டுப் பார்த்து, பக்கத்து அறைக்கு அனுப்பி ரத்தம் எடுக்கச் சொன்னாராம். முடிவு திங்களன்று வரும், போனில் சொல்வேன், அதுவரைக்கும் சூப்பைக் குறைக்கணும், தின்கிற குடிக்கிற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரணும் என்றாராம்.

"சூப்பைக் கொறைக்கணுமாமா?" நான் சிரித்தேன். "ஆயிரம் வருஷமா பெத்தவ எல்லாம் குடிச்சது. நேத்து வெள்ளைக் கோட்டு போட்டவளுக்குத் தெரிஞ்சிருச்சு."

"ஆயிரம் வருஷமா பொட்டலத்தையும் சேத்தா குடிச்சாளுங்க?" என்றாள் குவாக்.

நான் தார்ப்பாயைப் பற்றி ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை காலை ஏழரை மணி. சந்தை நிரம்பிக்கொண்டிருந்த நேரம். வெளியூரிலிருந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்காரன் வந்து கிம் தாள் நூறு கட்டுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தான். கெட்டிக்காரன். நான் இறங்கினால்தான் அவன் ஏறினான். இரண்டாயிரம் வோன் இடைவெளியில் இருவரும் பல்லைக் கடித்து நின்றபோது, எதிர்ப்பக்க நடைபாதையில் யேவோன் போவதைப் பார்த்தேன். பஞ்சுக் கோட்டு, தலை சீவியிருந்தாள். கையில் பிள்ளை இல்லை. காலையில் வெளியே வந்திருக்கிறாளே, நல்லது என்று தோன்றியது. நான் கையைத் தூக்கினேன். அவள் நின்றாள். தாமதமாக, ஆனால் சரியாக என்னைப் பார்த்து அவளும் கையைத் தூக்கினாள்.

"என்ன முதலாளி, முடிக்கிறீங்களா இல்லியா?" என்றான் சாப்பாட்டுக் கடைக்காரன்.

திரும்பினேன். முடித்தேன். ஆயிரம் எனக்கு, ஆயிரம் அவனுக்கு. மறுபடி பார்த்தபோது நடைபாதையில் அவள் இல்லை.

பாலூட்டி, துடைத்து, புதுத் துணி மாற்றி, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். கீதே வந்து சேர்ந்த பிற்பகலில், பாசி வளர்க்கும் கயிறுகளைப் பார்க்கப் போன படகுக்காரர்கள் அவளைக் கடலிலிருந்து கொண்டுவந்தார்கள். அலைதாங்கிக் கல்லில் கால் வழுக்கியது என்று போலீஸ் எழுதியது. எழுதினதில் எவ்வளவு நிஜ எடை, எவ்வளவு ஈரம் சேர்த்த எடை என்று எனக்குத் தெரியும். நான் அதற்கும் பேரம் பேசவில்லை.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை. துக்க மண்டபத்தில் வந்தவர்களுக்குக் காரமான மாட்டிறைச்சிக் குழம்பும் சோறும் போய்க்கொண்டிருந்தது. அவள் படத்துக்கு முன்னால் நானும் கீதேவும் குனிந்து குனிந்து எழுந்துகொண்டிருந்தோம். என் கோட்டுப் பையில் அவளுடைய கைபேசி இருந்தது. அது அடித்தது. யோசிக்காமல் எடுத்துவிட்டேன்.

"தாக் யேவோனாம்மா? சோக் டாக்டர் பேசுறேன். ரத்த முடிவு வந்திருக்கு. பயப்படாதீங்க, குணமாக்கக் கூடியதுதான். இன்னைக்கே பாசி எல்லாத்தையும் நிறுத்திட்டு நேரா வாங்க. சூப்பு, சாறு, எதுவும் வேணாம். சில வாரத்துலயே தேறிருவீங்க. கேக்குதாம்மா?"

கேட்டது. என்ன சொன்னேன் என்று நினைவில்லை. குவாக் கைபேசியை வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

ஒரு வாரம் கழித்து நானே அந்த டாக்டரைப் பார்க்கப் போனேன். வெள்ளைப் பெட்டியையும் இழுப்பறையிலிருந்த மாத்திரை அட்டையையும் மேசைமேல் வைத்தேன். நாளுக்கு எத்தனை கிண்ணம் என்று கேட்டார். நான்கு என்றேன். கிண்ணத்துக்கு எவ்வளவு பாசி என்றார். கையால் காட்டினேன். எடையில் என் கை தவறாது. அவர் பேனாவை வைத்துவிட்டார். கடல்பாசியில் அயோடின் அதிகம், காம்தேயில் இன்னும் அதிகம், அளவு மீறினால் சிலருக்குக் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி படுத்துவிடும், அது படுத்தால் உடம்பும் மனசும் சேர்ந்து படுக்கும் என்றார்.

"அப்ப நாங்கதான்..."

"அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரமில்ல. அவங்களுக்கு நோய் முன்னாடியே இருந்துச்சு. மாத்திரைய நிறுத்தினது ஒண்ணு, சுரப்பி படுத்தது ஒண்ணு. எது எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுத் தர முடியாது."

நான் பிரித்துக் கேட்டுப் பழகியவன்.

மா சாங்து பிறகு கடைக்கு வந்தான். துக்கத்துக்கு வர முடியாமல் போனதற்காக துக்கப் பணம் வைத்த வெள்ளை உறையை இரண்டு கையாலும் நீட்டினான். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, ஆராய்ச்சி பொய்யில்ல. சத்தியமா."

"தெரியும். எலி நீந்திச்சு."

அந்தக் கட்டுரையை அவன் அன்று விட்டுப்போயிருந்தான். துக்கம் முடிந்தபின் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: மனிதர்களிடம் இது இன்னும் சோதிக்கப்படவில்லை. ஒளித்து வைக்கவில்லை, அச்சிலேயே இருந்தது. கேட்டிருந்தால் அவனே படித்துக் காட்டியிருப்பான். அவ்வளவு கெட்டவன் இல்லை அவன். உறையை வாங்கிக்கொள்ளாமல் அனுப்பினேன். அவனுக்குக் காம்தே விற்பதையும் நிறுத்திவிட்டேன். எதிர்வரிசைக்காரன் விற்கிறான், என்னைவிடக் குறைந்த விலைக்கு.

சேபோமை கீதேவின் அம்மா வளர்க்கிறாள். போக்சுன் இப்போது பாசி ஊறும் வாசனைக்கு எழுந்து போய்விடுகிறாள். எங்கள் வீட்டில் சோற்றுக்கு எதிர்விலை கிடையாது. போட்டதைத் தின்கிறோம்.

இந்த வருஷம் பிப்ரவரியில் சம்பந்தியம்மா போன் செய்தாள். கடையில்தான் இருந்தேன்.

"சம்பந்தி, வர்ற புதன்கிழமை புள்ளைக்கு மொத பொறந்த நாளு." தயங்கினாள். "சூப்பு வைக்காம இருக்க முடியாது பாருங்க. பொறந்த நாள்ல குடிக்கிறதே பெத்தவ பட்ட பாட்டுக்குத்தானே. அவ பேருக்கு ஒரு கிண்ணமாவது வைக்கணும். வேற எங்கயும் வாங்க மனசு வரல. நல்ல நீளப் பாசியா, முழுசா ஒண்ணு அனுப்புங்க. என்ன வெலன்னாலும் சரி. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"கேளுங்க" என்றேன்.

"என்ன?"

"பேரம் பேசுங்க சம்பந்தியம்மா."

"ஐயோ, புள்ள விஷயத்துல போய் யாராவது..."

"பேசுங்க. முழுசு எதுக்குன்னு கேளுங்க. ஒரு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு போதும்னு கேளுங்க. எங்க பறிச்சது, ஏன் இவ்வளவு சொல்றேன்னு கேளுங்க. என்னத் திட்டுங்க. ஏதாவது கேளுங்க. கேட்டாத்தான் அனுப்புவேன்."

கீதேவின் அம்மா கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்தவள், கூச்சக்காரி, ஒரு முட்டைக்குக்கூடப் பேரம் பேசத் தெரியாதவள். அழுகைக்கு நடுவில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள்:

"முழுசு... முழுசு எனக்கு வேணாம் சம்பந்தி. ஒரு கிண்ணத்துக்குப் போதும். ஒரு சாண். அந்த ஒரு சாணுக்கு என்ன வெல?"

சொன்னேன்.

"ரொம்ப அதிகம்" என்றாள்.

"சரி, நீங்க சொல்லுங்க."

பேசி முடித்துவிட்டு, சுவரில் சாய்த்திருந்த நீளப் பாசிகளில் மிக நல்லதை இறக்கினேன். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கை இருக்கும். கல்லாப்பெட்டி மேல் வைத்து, ஒரு சாண் அளந்து, முறித்தேன். சுள்ளி ஒடிவதுபோல் அந்தச் சத்தம் சந்தையில் கேட்டது. பிரசவப் பாசியை முறித்து அந்த வரிசையில் யாரும் பார்த்ததில்லை.

நெத்திலியைக் கூறு கட்டிக்கொண்டிருந்த குவாக் நிமிர்ந்து பார்த்தாள். தார்ப்பாயின் தன் பக்க ஓரத்தை இழுத்து என் கல்லாப்பெட்டி மேல் விழுந்த வெயிலை மறைத்தாள்.